ஒரே ஓட்டை, ஒரே கேபிள், இரண்டு அன்டெனா

கிள்ளானில் ஒரு வரிசை வீடு. முன் அறைச் சன்னலுக்குப் பக்கத்தில், சுவரில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாக ஒரே ஒரு கறுப்புக் கேபிள் வெளியே போகிறது.

"இந்த வீட்டுல எனக்குக் கெடைச்ச அனுமதி இந்த ஒரு ஓட்டைதாம்மா. ரெண்டாவது போட்டா நானும் அது வழியா வெளியே போயிடணும்" என்று சிரிக்கிறார் வீட்டுக்காரர். சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி பதில் சொல்லவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.

அவர் தொலைபேசித் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் அவரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறேன். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

அவர் மேசையில் இரண்டு வானொலிக் கருவிகள் இருக்கின்றன. ஒன்றில் இரவு நேரங்களில் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்களோடு பேசுகிறார். இன்னொன்றில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் நண்பர்களோடு பேசுகிறார். கூரைக்கு மேலே ஒரு கம்பத்தில் இரண்டு அன்டெனாக்கள். ஆனால், மேலே இருக்கும் இரண்டுக்கும் கீழே இருக்கும் இரண்டுக்கும் நடுவில் ஓடுவது அந்த ஒரே கேபிள்தான்.

நானும் வானொலியில்தான் வேலை செய்கிறேன். மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவதோடு என் வேலை முடிந்துவிடும். அந்தக் குரல் எந்தக் கம்பி வழியே ஏறி வெளியே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. இரண்டு கருவி, இரண்டு அன்டெனா, நடுவில் ஒரே கம்பி. சண்டை வராதா? இந்தக் கேள்வியோடுதான் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

அந்த டிசம்பர் இரவு

"இது ஏன் வேணும்னு முதல்ல சொல்றேன். எப்படின்னு அப்புறம் பார்ப்போம்" என்றார் அங்கிள்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. சிலாங்கூரில் மழை விடாமல் பெய்த அந்த வார இறுதியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து, மக்கள் மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்திருந்தார்கள். அங்கிளின் தங்கை குடும்பமும் அங்கேதான் இருந்தது. இரவானதும் தங்கையின் கைத்தொலைபேசி அணைந்துவிட்டது.

அங்கிளிடம் அப்போதும் இரண்டு கருவிகளும் இரண்டு அன்டெனாக்களும் இருந்தன. கேபிள் ஒன்றுதான். எந்தக் கருவி வேண்டுமோ அதற்கேற்ப, ஏணி வைத்துக் கூரையோரம் ஏறி, கேபிளின் நுனியை ஓர் அன்டெனாவிலிருந்து கழற்றி மற்றதில் திருகுவார். அந்த வாரம் அது தூரத்துக்குப் பேசும் அன்டெனாவில் இருந்தது. பக்கத்து வட்டாரத்தில் நண்பர்கள் பேசிக்கொள்ளும் அலைவரிசையைக் கேட்க வேண்டுமானால் ஏணி ஏற வேண்டும்.

"வெளியே ஊத்துது. ஓடெல்லாம் வழுக்குது. எனக்கு அறுபது தாண்டியாச்சு. ஏணியத் தூக்கினேன். ஆண்டி அதைப் புடிச்சுக்கிட்டு விடல. கைக்கருவிய வச்சு வீட்டுக்குள்ள இருந்து கேட்டுப் பார்த்தேன். இரைச்சல்தான் வந்துச்சு. ஜப்பான்காரன் பேசுறது கேக்குது, பக்கத்துல என்ன நடக்குதுன்னு கேக்கல."

மறுநாள் படகில் தங்கை குடும்பம் பத்திரமாக வெளியே வந்துவிட்டது. ஆனால், கருவி இருந்தும் அன்டெனா இருந்தும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்த அந்த இரவை அங்கிள் மறக்கவில்லை. அடுத்த மாதமே கேபிள் பங்கீட்டு வேலையைத் தொடங்கினார்.

பொழுதுபோக்கு மட்டும் அல்ல

அமெச்சூர் வானொலி, அதாவது ஹேம் ரேடியோ, என்பது உரிமம் பெற்ற தனிமனிதர்கள் சொந்தக் கருவியால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் கலை. பாட்டுப் போட முடியாது, விளம்பரம் செய்ய முடியாது, காசு வாங்க முடியாது. நடுவில் தொலைபேசி நிறுவனமோ இணையமோ தேவையில்லை. ஒரு கார் பேட்டரியும் கொஞ்சம் கம்பியும் போதும்.

இதன் அருமை பேரிடரில்தான் தெரியும். 2004 டிசம்பரில், இந்தியாவின் பாரதி பிரசாத் என்ற பெண்மணி அந்தமானின் போர்ட் பிளேரில் ஹேம் ரேடியோ நிலையம் அமைத்து உலக நாடுகளோடு பேசிக்கொண்டிருந்தார். 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து தீவுகளின் தொடர்பு அறுந்தபோது, அதே நிலையம் உறவினர்களைப் பற்றிய தகவல்களைப் பெருநிலப்பகுதிக்குக் கொண்டு சேர்க்கும் நிலையமாக மாறியது.

சரி, ஏன் இரண்டு அன்டெனா? அலையின் நீளம்தான் காரணம். அன்டெனா, தான் கையாளும் அலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 42 மீட்டர். அதில் பாதி, சுமார் 20 மீட்டர் கம்பி வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸ் அலை வெறும் 2 மீட்டர்தான். அதில் கால் பங்கு, அரை மீட்டர் குச்சி போதும். முதலாவது வானத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பிக் கடல் தாண்டும். இரண்டாவது பெரும்பாலும் நேர்க்கோட்டில் போய் அக்கம்பக்கத்து ஊர்களை எட்டும்.

நம் வரிசை வீட்டு நிலம் பல தாமான்களில் 20 அடிக்கு 70 அடி. அங்கிள் கூரை நடுவில் கம்பம் நட்டு, 20 மீட்டர் கம்பியைக் கூடாரம் போல இரண்டு பக்கமும் சரித்து, ஒரு முனையை முன் கேட் பக்கமும் மறு முனையைப் பின் சந்துப் பக்கமும் கட்டியிருக்கிறார். கம்பத்தின் உச்சியில் 145க்கான குச்சி. இடம் தாராளமாகப் போதுகிறது. கேபிளுக்குத்தான் பிரச்சினை.

சேர்த்து முறுக்கினால் என்ன?

"கம்பத்துல மூணு முனை இணைப்பு ஒண்ணு மாட்டி ரெண்டு அன்டெனாவையும் ஒண்ணா சேர்த்துட்டா முடிஞ்சிடாதா அங்கிள்?" என்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல ஒரே ஏரியல்ல ரெண்டு டிவிக்கு வயர முறுக்கி விட்டாங்களே, படம் எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று திருப்பிக் கேட்டார். உப்பைத் தூவியது போல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது நினைவுக்கு வந்தது.

காரணம் இதுதான். ஹேம் ரேடியோ கருவியும் கோக்ஸ் கேபிளும் அன்டெனாவும் 50 ஓம் என்ற ஒரே மின்மறுப்புக்குப் பொருத்தமாகச் செய்யப்படுகின்றன. 50 ஓம் சுமைகள் இரண்டைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 25 ஓம் ஆகிவிடும். பொருத்தம் கெட்டு, அனுப்பிய சக்தியில் ஒன்பதில் ஒரு பங்கு கருவிக்கே திரும்பும். மீதியிலும் பாதி, அந்த அலைக்குச் சம்பந்தமே இல்லாத அன்டெனாவுக்குப் போய்ச் சேரும். இது கணக்குக்காகச் சொன்ன எளிய நிலை. உண்மையில், அளவு பொருந்தாத அன்டெனா 50 ஓமாகவே இருக்காது. அதனால் நிலைமை இதைவிட மோசமாகலாம். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஒரு கருவி 100 வாட் சக்தியை அனுப்பும்போது அது நேராக மற்றக் கருவியின் காதுக்குள் பாய்ந்தால், அந்தக் கருவி அன்றோடு முடிந்தது.

ஆகவே, கேபிளைப் பங்கிடுவது என்றால் இரண்டையும் இணைப்பது அல்ல. ஒரே பாதையில் விட்டு, சரியான இடத்தில் பிரிப்பது.

பழைய தொலைபேசிப் பெட்டி

அங்கிளுக்கு வழி கிடைத்தது சொந்தத் தொழிலில்தான். ஸ்திரீமிக்ஸ் இணையம் இருந்த காலத்தில், வீட்டுத் தொலைபேசிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி மாட்டுவார்கள், நினைவிருக்கிறதா? அதை மாட்டாவிட்டால் தொலைபேசியில் கரகரவென்று சத்தம் கேட்கும், இணையமும் அடிக்கடி அறுந்துபோகும்.

வீட்டுக்கு வந்த செம்புக் கம்பி ஒரே சோடிதான். அதில் நம் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிப் போகும். இணையத் தகவல் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகும். அந்த வெள்ளைப் பெட்டி தாழ்ந்த அதிர்வெண்ணை மட்டும் தொலைபேசிக்கு விட்டு, உயர்ந்ததைத் தடுத்துவிடும். அம்மா பாட்டியோடு பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில் பிள்ளைகள் இணையத்தில் இருந்தது இப்படித்தான்.

"ஆயிரம் வீட்டுக்கு மேல அந்தப் பெட்டிய நானே மாட்டியிருக்கேன். என் வீட்டுக் கேபிளுக்கு அதே வேலைய செய்யணும்னு எனக்குத் தோணவே இல்ல, பாருங்க."

ஹேம் ரேடியோவில் அந்தப் பெட்டிக்கு டைப்ளெக்சர் என்று பெயர். கடைகளில் பலர் டூப்ளெக்சர் என்றே சொல்கிறார்கள். கையளவு உலோகப் பெட்டி, மூன்று முனைகள். உள்ளே செம்புச் சுருள்களும் மின்தேக்கிகளும் இரண்டு வடிகட்டிகளாக அமைந்திருக்கும். ஒன்று தாழ்ந்த அதிர்வெண்ணை மட்டும் விடும். மற்றது உயர்ந்ததை மட்டும் விடும். மின்சாரமோ விசையோ தேவையில்லை.

அங்கிள் இரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறார். ஒன்று மேசைக்கு அடியில்: இரண்டு கருவிகளின் அலைகளையும் ஒரே கேபிளில் ஏற்றுகிறது. இன்னொன்று கம்பத்தில்: மேலே வந்ததைப் பிரித்து, 7ஐக் கம்பிக்கும் 145ஐக் குச்சிக்கும் அனுப்புகிறது. பெட்டியில் வீணாகும் சக்தி மிகக் குறைவு. ஒன்றில் பேசிக்கொண்டே மற்றதில் கேட்கலாம்.

வேறு வழிகளும் உண்டு

எல்லார் வீட்டுக்கும் இதே முறை பொருந்தாது. பெட்டியே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. கேபிள் வந்து சேரும் ஒரே மையத்தில் 20 மீட்டர் கம்பி ஒன்றையும் 10 மீட்டர் கம்பி ஒன்றையும் விசிறி போல விரித்துக் கட்டுவது. 7 மெகாஹெர்ட்ஸ் அலை வந்தால் நீளக் கம்பி வாங்கிக்கொள்ளும், குட்டைக் கம்பி கதவைச் சாத்திக்கொள்ளும். 14 வந்தால் நேர்மாறு. கம்பியின் நீளமே வடிகட்டியாக வேலை செய்கிறது. கம்பி முனைகளை ஒன்றையொன்று நெருங்காமல் விலக்கிக் கட்ட வேண்டும். முதலில் நீளக் கம்பியைச் சரிசெய்துவிட்டுப் பிறகு குட்டைக்கு வர வேண்டும். இன்னொரு செய்தி: 7க்கு மூன்று மடங்கான 21 மெகாஹெர்ட்ஸுக்கு அதே நீளக் கம்பி ஓரளவு வேலை செய்யும். அதற்குத் தனிக் கம்பி பெரும்பாலும் தேவைப்படாது.

மூன்றாவது வழி, கம்பத்தில் ஒரு மின்விசையை வைத்து அறையிலிருந்தே அன்டெனாவை மாற்றுவது. விசையை இயக்கும் 12 வோல்ட்டையும் அதே கோக்ஸ் கேபிளிலேயே அனுப்பலாம். அதிர்வெண்கள் நெருக்கமாக இருந்து வடிகட்டியால் பிரிக்க முடியாதபோது இது கைகொடுக்கும். ஆனால், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்க முடியும். விசை தவறான பக்கம் இருக்கும்போது பேசினால் கருவிக்குச் சேதம்.

இடைவெளி குறையக் குறையப் பிரிப்பது கடினம். 7க்கும் 145க்கும் 20 மடங்கு வித்தியாசம் இருப்பதால் அங்கிளுக்குக் கையளவுப் பெட்டி போதும். மலைமேல் இருக்கும் ஹேம் ரேடியோ மறுஒலிபரப்பி, ஒரே அன்டெனாவில் கேட்டுக்கொண்டே அதே நொடியில் அனுப்பவும் வேண்டும். 2 மீட்டர் அலைவரிசையில் அந்த இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ்தான். அதைப் பிரிக்க அரை மீட்டருக்கும் மேல் உயரமுள்ள உலோக உருளைகளை வரிசையாக நிறுத்த வேண்டியிருக்கிறது.

என் தொழிலிலும் இதே கதைதான் என்பதை அங்கிள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெரிய ஒலிபரப்புக் கோபுரங்களில் பல பண்பலை நிலையங்களின் அலைகளை வடிகட்டிகள் வழியாக ஒன்றுசேர்த்து, ஒரே கேபிளில் ஏற்றி, ஒரே அன்டெனாத் தொகுதிக்கு அனுப்புகிறார்கள். காற்றில் போட்டி போடும் நிலையங்கள், கேபிளுக்குள் ஒரே பேருந்தில் போகின்றன!

கேபிளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம்

பெட்டி வாங்கி மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அங்கிள் செய்த முதல் தவறு, பழைய மெல்லிய கேபிளையே வைத்திருந்தது.

ஆர்ஜி-58 என்ற அந்த மெல்லிய கேபிள் 30 மீட்டர் ஓடினால், 7 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு சக்தி மேலே போய்ச் சேரும். குறையே தெரியாது. அதே கேபிளில் 145 மெகாஹெர்ட்ஸை அனுப்பினால் கால் பங்குதான் சேரும். 50 வாட் அனுப்பினால் 12 வாட். 430 மெகாஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதியெல்லாம் கேபிளைச் சூடாக்குவதில் போய்விடும். அதைவிடத் தடித்த ஆர்ஜி-213 கேபிளில் 145க்குப் பாதிக்குச் சற்று மேல் சேரும்.

"பங்கு போடுற கேபிள வாங்குறப்ப, நல்லாப் போற அலையப் பார்க்கக்கூடாது. கஷ்டப்படுற அலையப் பார்த்துத்தான் வாங்கணும்" என்றார் அங்கிள். கூட்டுக் குடும்பத்தில் சமைக்கிற மாதிரிதான். காரம் தாங்காத பிள்ளையை வைத்துத்தானே குழம்புக்கு மிளகாய் போடுகிறோம்?

இரண்டாவது தவறு, மழை. இந்தக் கேபிள்களின் வழக்கமான திருகு இணைப்புகள் நீர் புகாதவை அல்ல. சில மாதங்களில் கம்பத்துப் பெட்டியின் முனையில் பச்சைப் பாசம் பிடித்து, இரண்டு அன்டெனாக்களும் ஒன்றாகப் படுத்துவிட்டன. பங்கீட்டின் பலவீனம் இதுதான்: பொதுப் பாதை அறுந்தால் எல்லாருக்கும் அறுந்தது. இப்போது பெட்டியை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டியிருக்கிறார். இணைப்புகளின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றியிருக்கிறார். சுவருக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்திருக்கிறார். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

ஒரே கேபிளால் ஒரு நன்மையும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு கேபிளும் மின்னலுக்கு ஒரு வாசல். ஒரே வாசல் என்றால் ஒரே மின்னல் தடுப்பான், ஒரே நிலக்கம்பி. தூரத்தில் இடி முழங்கும்போதே ஒரே ஓர் இணைப்பைக் கழற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆசை வந்துவிட்டதா?

கேட்பதிலிருந்து தொடங்கலாம். ஆனால், பேச வேண்டும் என்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் கீழ் தேர்வு எழுதித் தேறி, உரிமம் பெற்று, 9எம் அல்லது 9டபிள்யூ என்று தொடங்கும் சொந்த அழைப்புக்குறியீட்டை வாங்க வேண்டும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம்.

அன்டெனா கட்டும்போது மின்கம்பிகளின் பக்கமே போகாதீர்கள். பேசும்போது கம்பியின் முனைகளில் உயர் மின்னழுத்தம் இருக்கும். பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். புதிதாக எதை மாட்டினாலும், குறைந்த சக்தியில் வைத்து எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரில் இரண்டு அலைகளையும் தனித்தனியே அளந்து பாருங்கள். 1.5க்குள் இருந்தால் நல்லது. 2ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

நான் கிளம்பும் நேரம். அங்கிள் இரண்டு கருவிகளையும் போட்டார். ஒன்றில் தொலைதூர ஆங்கிலக் குரல் ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மற்றதில் யாரோ ஒருவர் ஷா ஆலாமில் தூறல் தொடங்கிவிட்டது என்று மலாயில் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே கேபிளில் இறங்கி வருகின்றன. ஒன்றை ஒன்று தொடவில்லை.

தேநீர்க் கோப்பையை எடுக்க வந்த ஆண்டி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஒரே ஓட்டைன்னு என்னைத்தானே குத்தம் சொன்னாரு? வெள்ளத்துக்கு மறுநாளு நானே சொன்னேம்மா, இன்னொரு ஓட்டை போட்டுக்குங்கன்னு. ஏணியில ஏறாம இருந்தாப் போதும்னு இருந்துச்சு எனக்கு. இவருதான் வேணாம்னுட்டாரு."

அங்கிள் கருவியின் ஒலியைக் கொஞ்சம் குறைத்தார். வெளியே பார்த்தேன். ஏணி, கார் நிறுத்துமிடத்தின் மூலையில், துணி காயப்போடும் கம்பியாகிவிட்டிருந்தது.